ரூட்டுக்கென ஒதுக்கிய ஐந்து

கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டி முந்நூறு மீட்டரில்
அப்புக்குட்டன் மன்னாடியாரின் எடைமேடை.
லாரி ஏறி நின்றால் நாலு நொடியில் சீட்டு வரும்.
இந்த ஒரு மாதமாக நாற்பது.
முதலமடை மாங்காய் பதினொரு வண்டி,
தேங்காய் நார்க்கட்டி ஆறு,
பின்னால் வருவது இருட்டில் எண்ண முடியவில்லை.
ஹாரன் மட்டும் ரெண்டு மாநிலத்துக்கும் கேட்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து நான் வந்து இறங்கும்போது
மணி ஒன்றே கால்.
"லினக்ஸுக்குச் சிதறல் வியாதியே வராதுன்னு
போட்டுத் தந்த பையன் சத்தியம் பண்ணானே?"
வராதுதான்.
இடம் இருக்கிறவரைக்கும்.

வட்டு தொண்ணூற்றொன்பது சதவீதம் நிறைந்திருக்கிறது.
எடைப் பதிவேடு ஒரே ஒரு கோப்பு,
பன்னிரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் துண்டு.
நாலு கேமரா, ராப்பகலாக,
ஒரே நோட்டில் ஆளுக்கொரு வரி எழுதியதுபோல்
ஒன்றின் நடுவில் ஒன்று
எழுதி, அழித்து, அழித்த பொந்தில் மறுபடி எழுதி.
ஒரு லாரியின் எடையைச் சொல்ல
முள் பன்னிரண்டாயிரம் வாசல் தட்டுகிறது.

இது கஞ்சத்தனமில்லாத அமைப்பு.
புதுக் கோப்பைப் பழையதன் தோளில் உரச வைக்காது.
நாளை வளரும் என்று பக்கத்தில் கொஞ்சம்
சும்மா விட்டே உட்கார வைக்கும்.
அந்தச் சும்மாவைத்தான் தின்றுவிட்டார்கள்.

ரூட்டுக்கென்று ஐந்து சதவீதம் இருக்குமே, பார்த்தேன்.
பூஜ்ஜியம்.
"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் மன்னாடியார்,
"வெறுதே கிடக்கிற ஸ்தலம் எதுக்கு?"

வெளியே நார்க்கட்டி வண்டி ஒன்று
திரும்ப இடமில்லாமல் பின்னுக்கு வருகிறது.
போன மாதம்வரை அந்த மூலை காலி.
இப்போது பஞ்சர் கடை, மாதம் மூவாயிரம்.
சீட்டு எழுதும் ஜெமீலா டார்ச்சோடு ஓடி
"இன்னும், இன்னும், நில்லு!" என்கிறாள்.

துண்டுகளைச் சேர்க்கச் சொல்லிக் கட்டளை தட்டினேன்.
முடியாது என்றது.
பிரிந்ததைச் சேர்த்து வைக்க
முழுசாக ஒரு வெற்றிடம் வேண்டும்.
சேர்க்கிற வேலைக்கும் முதலில் காலிதான் கேட்கிறது.

போன வருஷத்துக் கேமராப் பதிவை அழித்தேன்.
(கேஸ் வந்தால் என்ன செய்வேன் என்று அவர்
மூன்று முறை கேட்ட பிறகு.)
அளவு பார்த்தேன்.
தொண்ணூற்றொன்பது. அசையவில்லை.

கோப்பின் பெயர் போய்விட்டது, பிடி போகவில்லை.
பழைய பதிவு நிரல் ஒன்று
யாரும் நிறுத்தாமல் எங்கோ ஓடிக்கொண்டே
அழித்ததையெல்லாம் திறந்தபடி கையில் வைத்திருக்கிறது.
விடாதவரை இடம் திரும்பாது.

ஜெமீலா சிரித்தாள்.
"எங்க மேல் ரூம் மாதிரில்ல இருக்கு.
ஆளு ஷார்ஜா போயி எட்டு வருஷம்.
ரேஷன் கார்டுல பேர் வெட்டியாச்சு.
சாவி அவன்கிட்ட."
அப்புறம் சிரிக்கவில்லை.
ஒரு சீட்டுக் கட்டை எடுத்து
ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமமாக்கினாள்.

நிரலைக் கொன்றேன்.
முப்பத்தொரு சதவீதம் ஒரே மூச்சில் திரும்பியது.
ஐந்தை மறுபடி ஒதுக்கினேன்.
சேர்க்க விட்டுவிட்டுக்
கட்டன் சாயா குடித்தோம், மூன்றாவது கிளாஸ் ஆறிப்போனது.
பன்னிரண்டாயிரம் மூன்றாயிற்று.
ஒன்றாக ஆகவேண்டுமென்று நான் கேட்கவில்லை.
மூன்று போதும்.

"அந்த அஞ்சு யாருக்கு?"
ரூட்டுக்கு.
"அது யாரு?"
எல்லாம் நிரம்பி மூச்சடைத்த ராத்திரியில்
உள்ளே வருகிறவன் ஒரு கால் ஊன்ற.

நோட்டில் எழுதிக்கொண்டார்: அஞ்சு சதவீதம், காலி.
அடியில் கோடு போட்டார்.
கோட்டுக்கடியில் மூவாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

மாங்காய் வண்டி ஏறியது. நாலு நொடி.
நார்க்கட்டிக்காரன்
ஐந்தாம் முறையாகப் பின்னுக்கு வருகிறான்.